மனுவில் எழுத முடியாத கோபம்

கோபத்தை விட்டுவிடுங்கள் என்று எங்கள் கரையில் ஒருவரிடம் சொன்னால், "அப்படியென்றால் எனக்கு வர வேண்டியதையும் விட்டுவிடவா?" என்றுதான் அவர் முதலில் கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது. பாம்பன், மண்டபம், வேதாளை, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று நீளும் இந்த இராமநாதபுரக் கடலோரத்தில் கோபப்படக் காரணம் இல்லாத வீடு குறைவு. வலையை அறுத்துக்கொண்டு போன விசைப்படகு, எடையில் குறைத்த வியாபாரி, கடலில் பிடிபட்டுத் திரும்பி வராத படகு, பங்கு பிரிக்கும்போது மறைத்த உடன்பிறப்பு என்று ஒவ்வொரு கோபத்துக்கும் பின்னால் ஓர் உண்மையான இழப்பு இருக்கிறது. இழந்தவரிடம் போய் மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ளச் சொன்னால், இழப்பைப் பேசாமல் விழுங்கிக்கொள்ளச் சொல்வதாகவே அவர் காதில் விழும். பல ஆண்டுகள் பலருடைய கோபத்தைக் கேட்டும், என்னுடையதைச் சுமந்தும் நான் கண்டுகொண்டதை இங்கே எழுத விரும்புகிறேன்: கோரிக்கையையும் கோபத்தையும் பிரித்து வைத்தால், கோரிக்கையில் ஒரு ரூபாயைக்கூட விட்டுக்கொடுக்காமல் கோபத்தை இறக்கி வைக்க முடியும்.

நான் மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பணியில் இருந்த காலத்திலும் அதற்குப் பின்னரும், தேடி வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் வழக்கம். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வங்கிக் கணக்கில் ஏறவில்லை என்று ஒருவர் வருவார். விபத்துக் காப்பீட்டுப் பணம் கேட்டு இன்னொருவர் வருவார். இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட கணவரை மீட்டுத் தரும்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத வேண்டும் என்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வருவாள். பாசி எடுக்கப் போன இடத்தில் தடுத்தார்கள் என்று நாலைந்து பெண்கள் சேர்ந்து வருவார்கள். வந்தவுடன் யாரும் விஷயத்தைச் சொல்வதில்லை. யார் எப்படிப் பார்த்தார்கள், என்ன வார்த்தை சொன்னார்கள், எத்தனை பேர் முன்னால் சொன்னார்கள் என்பதிலிருந்துதான் பேச்சு தொடங்கும். முழுவதையும் கேட்ட பிறகு, பெறுநர், பொருள், சம்பவம் நடந்த தேதி, கோரும் தொகை என்று எழுதி நான் திரும்ப வாசித்துக் காட்டுவேன். அரைப் பக்கத்தைத் தாண்டாத அந்த மனுவைக் கேட்டு முடித்ததும் பெரும்பாலானவர்கள் சொல்வது ஒன்றுதான்: "அக்கா, நான் சொன்னது எதுவுமே இதுல வரலையே."

அவர்கள் சொல்வது உண்மை. அவர்களுடைய நெஞ்சை அரிக்கிற பகுதியை ஏற்றுக்கொள்வதற்கு எந்த அலுவலகத்திலும் மேசை கிடையாது. கணவர் பிடிபட்ட அன்று, "எல்லை தாண்டினால் பிடிக்கத்தானே செய்வார்கள்" என்று பக்கத்து வீட்டார் சொன்ன சொல்லுக்கு எந்த அதிகாரியும் நடவடிக்கை எடுக்க முடியாது. ஆனால் அந்தப் பெண்ணின் இரவைத் தின்றுகொண்டிருப்பது அந்தச் சொல்தான். மற்றவர்களுடைய மனுக்களில் இந்தப் பிரிவினையைப் பலமுறை கண்டிருந்த எனக்கு, அது என் சொந்த வீட்டுக்கும் பொருந்தும் என்பது என் மனுவை நானே எழுத உட்கார்ந்தபோதுதான் விளங்கியது.

என் மாமனாரிடம் ஒரு நாட்டுப்படகும் இன்ஜினும் நண்டு வலைகளும் இருந்தன. அவர் படுக்கையில் விழுந்த பிறகு, கச்சான் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்த மாதங்களில் என் கணவர் கேரளக் கரைக்கு வேலைக்குப் போயிருந்தார். அந்த இடைவெளியில் என் கொழுந்தனார் இன்ஜினையும் வலைகளையும் விற்றுவிட்டார். மாமனாரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு உறவினர்கள் கூடியிருந்தபோது என் கணவர் அதைப் பற்றிக் கேட்டார். "மாசச் சம்பளம் வாங்குற வீட்டுக்குக் கடல் சாமான் எதுக்கு?" என்று கொழுந்தனார் பதில் சொன்னார். அந்தச் சம்பளத்தில்தான் மாமனாரின் மருந்துச் செலவு முழுவதும் நடந்தது என்பதை அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் அறிவார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒரே வளவுக்குள் இரண்டு அடுப்படிகளும் ஒரே தண்ணீர்க் குழாயும் கொண்ட வீடு எங்களுடையது. அன்றிலிருந்து இரண்டு குடும்பங்களுக்கும் பேச்சு நின்றது. ஆனால் எனக்குள் பேச்சு நிற்கவேயில்லை. அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை மீன் அரியும்போதும் பேருந்தில் போகும்போதும் நான் தயாரித்துக்கொண்டே இருந்தேன். யார் வீட்டுக்கு வந்தாலும் பேச்சு எப்படியோ அந்தப் பதினாறாம் நாளுக்கு வந்து சேரும். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள், எனக்கு அந்த நேரத்துக்கு ஆறுதலாக இருந்தது, அவர்கள் போன பிறகு முன்பைவிட அதிகமாகக் கொதித்தது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். அவரிடமும் அந்தக் கதையைத்தான் சொன்னேன். என் மகளும் கொழுந்தனார் மகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். பெரியவர்கள் யாரும் சொல்லாமலேயே அவர்களும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

பிறகு ஊர்க் கமிட்டியில் பிராது கொடுப்பது என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். வழக்கம்போலத் தாளை மடித்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். இன்ஜின் விற்ற தொகையில் பாதி, வலையின் மதிப்பில் பாதி, விற்கப்பட்ட மாதம், விவரம் அறிந்தவர்கள் இருவர் என்று எழுதியபோது சில வரிகளில் முடிந்துவிட்டது. என் தூக்கத்தைக் கெடுத்த அந்த ஒரு வாக்கியத்துக்கு அதில் இடமில்லை. எழுதினாலும் கமிட்டி அதற்கு எந்தத் தொகையும் விதிக்க முடியாது. அந்தத் தாளின் பின்புறத்தில், மனுவில் வராததையெல்லாம் தனியாக எழுதினேன். பின்புறம் முழுவதும் நிரம்பியது. முன்பக்கத்தில் இருந்ததைக் கமிட்டியிடம் கொடுக்கலாம். பின்பக்கத்தில் இருப்பதை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அப்போது கண் முன்னால் தெரிந்தது. அன்று முதல் மனு எழுத வருகிற எவரிடமும் இதைச் செய்யச் சொல்கிறேன். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே இரண்டு தாள்களில் எழுதி வாசித்துக் காட்டுகிறேன். முதல் தாளில் யாரிடம், என்ன, எவ்வளவு, எப்போதைக்குள் என்ற நான்கும் இருக்க வேண்டும். இந்த நான்கில் எதற்கும் பதில் இல்லாதவை எல்லாம் இரண்டாம் தாளுக்குப் போகும்.

இரண்டாம் தாளில் இருப்பதை என்ன செய்வது என்பதில்தான் நான் நெடுங்காலம் தடுமாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொட்டித் தீர்த்தால் மனம் ஆறும் என்ற நம்பிக்கை எங்கள் ஊர்களில் ஆழமானது. தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றிச் சபிக்கிற பெண்களை நான் சிறுவயது முதல் அறிவேன். அவர்கள் வீடு திரும்பும்போது ஆறிப் போயிருந்ததை நான் பார்த்ததில்லை. 2024-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கெடுத்த 154 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து இதைப் பற்றி ஒரு முடிவு சொன்னார்கள். குத்துவது, ஓடுவது என்று உடலை மேலும் சூடாக்குகிற செயல்களால் கோபம் குறைவதில்லை. மெதுவாக மூச்சு விடுவது, தசைகளைத் தளர்த்துவது, தியானம் என்று உடலின் கொதிநிலையை இறக்குகிற செயல்களால்தான் குறைகிறது என்பது அந்த முடிவு. அதே ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. ஆரோக்கியமான 280 பேரில் ஒரு பகுதியினரை, கோபமூட்டிய பழைய நிகழ்ச்சி ஒன்றை எட்டு நிமிடங்கள் நினைவுகூரச் சொன்னார்கள். நினைத்ததற்கே அவர்களுடைய இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கும் தன்மை குறைந்து, அந்த நிலை நாற்பது நிமிடங்கள் வரை நீடித்தது. 1995-இல் வெளியான மற்றோர் ஆய்வு, கடுமையாகக் கோபப்பட்ட பின்னான இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு வருவதற்கான ஆபத்து இரு மடங்குக்கு மேல் கூடுகிறது என்று காட்டியிருக்கிறது. விருந்தாளி ஒவ்வொருவரிடமும் நான் பதினாறாம் நாள் கதையைச் சொன்னபோது, கொழுந்தனாரின் இரத்தக் குழாய்களுக்கு ஒன்றும் நேரவில்லை என்பதை இதைப் படிக்கிற எவரும் புரிந்துகொள்ளலாம்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, திரும்பத் திரும்பச் சொல்வதை நிறுத்துவது. இது மனத்துக்குள் அடக்கி வைப்பதிலிருந்து வேறுபட்டது. சொல்ல வேண்டியதை, அதைக் கேட்டு ஏதாவது செய்யக்கூடிய ஒருவரிடம் முழுமையாகச் சொல்ல வேண்டும். ஒன்றும் செய்ய இயலாத பத்துப் பேரிடம் சொல்லக் கூடாது. நானும் கணவரும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். அந்த விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் விளக்கு வைப்பதற்கு முன்னால் பேசிவிட வேண்டும், புதிதாக ஏதாவது நடந்திருந்தால் மட்டுமே பேச வேண்டும், பழையதைத் திரும்ப எடுக்கக் கூடாது. உறவினர் யாராவது ஆவலாகக் கேட்டால், "கமிட்டியில் கொடுத்திருக்கிறோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்ற ஒரே பதிலைச் சொன்னோம். தொடக்கத்தில் அந்தப் பதில் தொண்டையில் சிக்கியது. கேட்டவர்களுக்கும் ஏமாற்றமாக இருந்தது. ஆனால் சில மாதங்களில் கேட்பதையே விட்டுவிட்டார்கள். கேட்பவர் இல்லாத கதைக்கு எனக்குள்ளும் வேகம் குறைந்தது.

சிவகங்கை மாவட்டத்தில் கொல்லங்குடி வெட்டுடையார் காளியம்மன் கோயிலில் காசு வெட்டிப் போடும் வழக்கத்தை எங்கள் பக்கத்து மக்கள் நன்கு அறிவார்கள். அநியாயம் செய்தவர் யாரென்று அம்மனிடம் முறையிட்டு, காசை வெட்டிப் போட்டுவிட்டு வருவார்கள். எதிராளி அழிய வேண்டும் என்ற வேண்டுதலில் எனக்கு உடன்பாடு இல்லை. என்றாலும் அங்கே போய்வந்த சில பெண்களிடம் நான் கவனித்த மாற்றத்தைச் சொல்லத்தான் வேண்டும். வழக்கு இப்போது தன் கையில் இல்லை, அம்மன் கையில் இருக்கிறது என்று நம்பியவர்கள் அதைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அடுப்பு வேலையையும் கருவாட்டு வியாபாரத்தையும் பார்க்கத் தொடங்கினார்கள். ஒப்படைத்த பிறகு சுமக்க வேண்டியதில்லை என்பதைத்தான் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். ஒப்படைக்கும் இடம் கமிட்டியாகவோ நீதிமன்றமாகவோ இருந்தாலும் அதே விடுதலை கிடைக்கிறது.

சாடை பேசுவது இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் குழாயடியில் பாத்திரத்தை ஓங்கி வைத்துக்கொண்டு, பெயர் சொல்லாமல் நாலு வார்த்தை விடுவார்கள். அதைக் கேட்டவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். இன்று துரோகம், நன்றிகெட்டவர்கள் என்று ஒரு படத்தைப் போட்டால் துபாயிலும் சவுதியிலும் இருக்கிற உறவினர்வரை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிப்பதிவாக ஒரு கோபத்தை அனுப்பிவிட்டால், அது நூறு கைகளுக்குப் போன பிறகு திரும்ப எடுக்க வழியில்லை. என்னிடம் வருகிற இளம்பெண்களுக்கு நான் சொல்வது, அனுப்ப நினைத்ததை எழுதி வைத்துவிட்டு, மறுநாள் காலை சாப்பிட்டு முடித்த பிறகு ஒருமுறை படியுங்கள் என்பதுதான். பெரும்பாலானவர்கள் அனுப்புவதில்லை. அனுப்ப நினைக்கிறவர்களும் பாதியை அழித்துவிட்டே அனுப்புகிறார்கள்.

உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனம் கோபப்படுவதற்கு முன்பே உடல் தயாராகிவிடுகிறது என்பதைச் சித்திரை, வைகாசி மாதங்களில் எங்கள் தெருக்களில் யாரும் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வருமானம் நின்று, ஆண்கள் நாள் முழுவதும் வீட்டில் இருக்க, வெயிலும் குடிநீர்த் தட்டுப்பாடும் சேர்கிற அந்த நாட்களில் சிறிய சொல்லும் பெரிய சண்டையாகிறது. நண்பகல் வெயிலில் குடத்தோடு நின்றுவிட்டு வந்தவரிடம், சாப்பிடாதவரிடம், முந்தின இரவு தூங்காதவரிடம் பணப் பேச்சையோ பங்குப் பேச்சையோ எடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட பேச்சுகளைச் சாயங்காலம் காற்று திரும்பிய பிறகு, எல்லோரும் ஒரு வாய் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்கிறோம். வேதாளையிலிருந்து என்னிடம் வந்துபோகும் ஒரு லாத்தா (இஸ்லாமிய அக்கா), கோபம் வந்தால் நிற்பவர் உட்கார்ந்துவிட வேண்டும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துவிட வேண்டும் என்ற நபிமொழியைச் சொல்லி, தன் மகன்களை அப்படியே பழக்கியிருக்கிறார். நான் அதைக் கடைப்பிடித்துப் பார்த்து அதன் பயனை அறிந்திருக்கிறேன். உட்கார்ந்து, மூச்சை உள்ளே இழுத்ததைவிட இரண்டு பங்கு நேரம் எடுத்து வெளியே விட்டு, அதைச் சில நிமிடங்கள் செய்தால் இதயத்தின் படபடப்பு இறங்குவது கைக்கே தெரிகிறது. படபடப்பு இறங்காமல் எடுத்த எந்த முடிவையும் நல்ல முடிவாக நான் கண்டதில்லை.

கோபத்தில் இருக்கும் இரண்டு தரப்பாரும் மனம் மாறி ஒன்றுபட்டால்தான் அமைதி வரும் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் கடலிலேயே மறுப்பு இருக்கிறது. விசைப்படகுகள் வந்த புதிதில் நாட்டுப்படகு மீனவர்களின் வலைகள் அறுபட்டு, கடலிலும் கரையிலும் மோதல்கள் நடந்தன. பாக் நீரிணைப் பகுதியில் அதற்குக் கண்ட வழி, வாரத்தின் நாட்களைப் பங்கிடுவது. விசைப்படகுகளுக்கு மூன்று நாட்கள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாட்கள் என்று பிரித்தார்கள். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும், கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையிலான பகுதியை நாட்டுப்படகுகளுக்கு என்று ஒதுக்கியது. யாரும் யாரையும் மன்னிக்கவில்லை; மீறல்களும் புகார்களும் இன்றும் உண்டு; ஆனால் ஒரே நாளில் ஒரே இடத்தில் இரண்டு தரப்பும் முட்டிக்கொள்ளும் நிலை குறைந்தது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையும் நான் இதோடு சேர்த்தே நினைக்கிறேன். எங்கள் விசைப்படகுகளால் தங்கள் கடல்வளம் அழிகிறது என்ற மனக்குறை யாழ்ப்பாணப் பக்கத்து மீனவர்களுக்கு இருக்கிறது. கைதுகளாலும் படகுப் பறிமுதலாலும் எங்கள் குடும்பங்கள் படும் துயரம் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு கோரிக்கைகளும் தீராமல் இருக்கும்போதே, இரு கரை மக்களும் அந்தத் தீவில் ஒரே திருப்பலியில் நிற்கிறார்கள்.

எங்கள் வளவிலும் இதே முறையைத்தான் கையாண்டோம். ஒரே குழாயில் யார் முதலில் பிடிப்பது என்பதில் தினமும் உரசல் வந்துகொண்டிருந்தது. காலையில் அவர்கள், மாலையில் நாங்கள் என்று ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசி முடித்தோம். உரசலுக்கான நேரத்தையே எடுத்துவிட்டபோது, தினந்தோறும் புதிதாகச் சேர்ந்துகொண்டிருந்த கோபம் நின்றது. பழையது மட்டுமே மிஞ்சியது. புதிதாக ஊறாத கோபத்தைக் கையாள்வது எவ்வளவு எளிது என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். பிறகு ஒருநாள் தண்ணீர் லாரி தெருமுனைக்கு வந்தபோது என் ஓரகத்தி வாசலில் நின்று, "அக்கா, தண்ணி வந்திருக்கு" என்று குரல் கொடுத்தாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். அதற்கு மேல் அன்று இருவரும் எதுவும் பேசவில்லை. பழையபடி ஒட்டி உறவாட வேண்டும் என்று நாங்கள் எங்களைக் கட்டாயப்படுத்திக்கொள்ளாததால்தான் அந்த அளவாவது நிலைத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பேச்சு இல்லாத குடும்பங்களைச் சேர்த்து வைக்க வருகிற உறவினர்கள், கட்டிப்பிடித்து அழ வைத்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார்கள். தண்ணீர் வந்ததைச் சொல்வது, சாவுக்கும் கலியாணத்துக்கும் முகம் காட்டுவது, பிள்ளைகள் பேசிக்கொள்வதைத் தடுக்காமல் இருப்பது ஆகிய மூன்றும் போதும் என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டால் பல வீடுகள் பிழைக்கும். எங்கள் மகள்கள் இருவரும் இப்போது ஒரே பேருந்தில் இராமநாதபுரத்துக் கல்லூரிக்குப் போகிறார்கள்.

இங்கே நான் எழுதியது எல்லாக் கோபத்துக்கும் பொருந்தாது என்பதையும் அழுத்தமாகச் சொல்கிறேன். அடிக்கிற கணவனிடமோ, வீட்டுக்குள் அத்துமீறுகிற உறவினரிடமோ ஒரு பெண்ணுக்கு வரும் கோபத்தை ஆற்றிக்கொள்ளச் சொல்வது பெரிய அநீதி. அந்தக் கோபம் அவளைக் காப்பாற்ற வந்தது. அவள் செய்ய வேண்டியது பாதுகாப்பான இடத்துக்குப் போவதும், பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணை அழைப்பதும்தான். மூச்சுப் பயிற்சியெல்லாம் அதற்குப் பிறகு.

இன்னொரு வகைக் கோபமும் இருக்கிறது. காரணம் எதுவுமில்லாமல் வாரக்கணக்கில் எரிந்து விழுவது, தூக்கமும் பசியும் கெடுவது, குடியோடு சேர்ந்து நாளுக்கு நாள் கூடுவது என்று வருமானால் அது மனநோயின் அடையாளமாகவும் இருக்கலாம். எங்கள் கரையில் அப்படிப்பட்டவர்களை ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப்போவது தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்பிக்க வழியின்றி இறந்தார்கள். அந்தத் துயரத்தை அறிந்த எங்களுக்கு, நோயைக் கட்டிப்போடுவது தீர்வாகாது என்று இன்னொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பின்னர் அங்கே பிரார்த்தனையோடு மனநல மருத்துவமும் சேர்ந்து கிடைக்க வழி செய்யப்பட்டது. தொழுகையோ நேர்ச்சையோ செய்கிறவர்கள் அதைச் செய்யட்டும். மருந்தையும் விடக் கூடாது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்; கட்டணம் கிடையாது.

கோரிக்கைத் தாளைப் பற்றிய ஒரு செய்தி பாக்கியிருக்கிறது. ஊர்க் கமிட்டி எங்கள் பிராதை விசாரித்து, கொழுந்தனார் பாதித் தொகையைத் தவணைகளில் தர வேண்டும் என்று சொன்னது. ஏலக்காரர் அவருடைய மீன் பணத்தில் பிடித்துக்கொண்டு எங்களிடம் கொடுத்தார். கணிசமான பகுதி வந்தது. பிறகு அவர் கடலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போகத் தொடங்கியதால் தவணை நின்றுவிட்டது. மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்த்தோம். இந்த வழிகள் பலருக்குத் தெரியாததால் எழுதுகிறேன். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரிலோ, 15100 என்ற எண்ணிலோ கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் கட்டணம் இல்லாமல் சமரசம் பேசி முடிக்கலாம். அங்கே எட்டிய முடிவே இறுதியானது, மேல்முறையீடு கிடையாது. கொடுத்த கடனைக் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டுகள்தான் காலவரம்பு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கோபத்தைப் பேசிப் பேசி வளர்ப்பதில் அந்தக் காலம் கழிந்துபோய், நியாயமான பணத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

நாங்கள் நீதிமன்றத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்தோம். அது அச்சத்தாலோ பெருந்தன்மையாலோ எடுத்த முடிவு அல்ல. மீதம் இருந்த தொகைக்கு அந்த அலைச்சல் தகாது என்று கணக்குப் பார்த்து எடுத்தது. சங்கத்தில் வசூலாகாது என்று தெளிவான கடனை வராக்கடன் என்று தள்ளி எழுதுவோம். தள்ளி எழுதினால் வாங்கியவர் நேர்மையானவர் என்று பொருளில்லை, அந்தப் பணத்தை நம்பி இனி எந்தச் செலவும் திட்டமிடமாட்டோம் என்பதுதான் பொருள். மீதத் தொகையையும், தாளின் பின்பக்கத்தில் இருந்த அந்தப் பதினாறாம் நாள் வாக்கியத்தையும் நாங்கள் அப்படித்தான் தள்ளி எழுதினோம். அவர் வந்து மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. அவர் அதை நினைவில் வைத்திருக்கிறாரா என்பதுகூட எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கடனைத் தள்ளிவிட்டோம் என்று அவரிடமோ வேறு எவரிடமோ சொல்லக் கூடாது என்பதில் என் கணவர் கண்டிப்பாக இருந்தார். சொன்னால் அது தயவு காட்டியதாகவோ குத்திக்காட்டியதாகவோ போய்ச் சேர்ந்து, மறுபடியும் பேச்சைக் கிளப்பிவிடும் என்றார். அவர் சொன்னது சரி. கொழுந்தனார் அந்தப் பணத்தைப் பற்றி இன்றுவரை எதுவும் பேசியதில்லை, நாங்களும் கேட்பதில்லை. என்றைக்காவது கொண்டுவந்து கொடுத்தால், எதற்கு இப்போது என்று மறுக்காமல் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு, தேதி போட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவது என்று நானும் கணவரும் பேசி வைத்திருக்கிறோம்.